சுஹைறா டீச்சர் கேட்ட முழு இருதயம்

சின்ன வயதில் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தால் சுஹைறா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். வீட்டு வளவில் மாடு அறுத்து, ஓலைப்பாயில் இறைச்சி பங்கு பிரித்து முடியும் மட்டும் தலைகாட்ட மாட்டாள். இரத்தம் கண்டால் அவளுக்குக் கண் இருட்டும். அப்படிப்பட்டவள் உயிரியல் படித்துப் பட்டம் எடுத்து, மருதமுனையில் டீச்சராகி நிற்பதை வாப்பா முகம்மது தம்பி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். பல்கலைக்கழகத்தில் தோழி தவளை வெட்ட, இவள் படம் கீறித் தப்பித்தாள். படம் கீறுவதில் அவளை வெல்ல ஆளில்லை.

அவளுடைய பெண்கள் பாடசாலையில் உயர்தர உயிரியல் பிரிவு இந்த வருடம்தான் திறந்தது. அதற்காக அவள் ஏறி இறங்காத கல்விக் கந்தோர் இல்லை. சேர்ந்ததோ ஒரு கைப்பிடிப் பிள்ளைகள். ஆய்வுகூடம் என்ற பெயரில் ஒரு நீள மேசையும் ஒரு தண்ணீர்க் குழாயும் இருந்தன. சுவர் நிறைய அவள் கீறிய படங்கள்.

பெருநாளைக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஷரிபுதீன் வந்தார். ஊரில் குர்பான் மாடு அறுப்பவர் அவர். மகள் இன்ஷிரா இந்த வகுப்பில்தான் படிக்கிறாள். படத்தைப் பார்த்துப் பார்த்து டொக்டராக ஏலாது, அதனால் கல்முனைப் பாடசாலைக்கு மாற்றப்போகிறேன் என்றார். இன்ஷிரா போனால் மற்றப் பிள்ளைகளும் பின்னால் போவார்கள். பிள்ளைகள் இல்லாவிட்டால் பிரிவை மூடிவிடுவார்கள்.

"பெருநாளைக்கு எங்கட மாட்டுர இருதயத்த முழுசாத் தாங்க நானா" என்று அவள் அண்ணன் முறை வைத்துக் கேட்டாள். "வகுப்புல திறந்து காட்டுறன். அதுக்குப் பொறகும் கூட்டிப் போறதெண்டா நான் குறுக்க நிக்கமாட்டன்."

ஷரிபுதீன் ஒத்துக்கொண்டார். வாப்பாதான் ஒத்துக்கொள்ளவில்லை. பெருநாள் காலையில் ஈரலையும் இருதயத்தையும் மிளகு போட்டுப் பொரித்து இடியப்பத்தோடு சாப்பிட வருடம் முழுக்கக் காத்திருப்பவர் அவர். குர்பான் இறைச்சியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகலாமோ என்று மார்க்கம் பேசிப் பார்த்தார். ஏழைகள் பங்கிலும் சொந்தக்காரர் பங்கிலும் கைவைக்கவில்லை, வீட்டுப் பங்கில்தான் எடுக்கிறேன் என்று மகள் சொன்னதும் மார்க்கத்தை விட்டுவிட்டுப் பசியைப் பற்றிப் பேசினார்.

பெருநாளன்று சுஹைறா வழக்கம்போல அறைக்குள் இருந்தாள். ஷரிபுதீன் வாசலில் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். இருதயம் கையில் வந்த உடனே குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று கீறிவிடுவது அவர் பழக்கம். உள்ளே உறைந்த இரத்தத்தைக் கழுவ அதுதான் வழி. டீச்சர் சொன்னது மனதில் இருந்ததாம், கை மறந்துபோனதாம். இருதயத்தின் அறைகளெல்லாம் நாலு துண்டாகக் கிடந்தன. வாப்பா மட்டும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிச் சட்டியை அடுப்பில் ஏற்றினார். மகளைக் கூட்டிப்போவதற்காக வேண்டுமென்றே வெட்டினாரோ என்று தெருவே ஷரிபுதீனைப் பகிடி பண்ண, அவர் சத்தியம் பண்ணாத குறையாகத் திரிந்தார்.

மறுநாள் மாமி உம்மு வீட்டு மாடு. மாமி தன் பங்கில் தருவதாகச் சொல்லிவிட்டாள். ஆனால் ஷரிபுதீனின் கையை யார் நம்புவது? பக்கத்தில் ஒருவர் நின்றுதான் ஆகவேண்டும். அலுமினியத் தாச்சிச் சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுஹைறா நின்றாள். முதல் கொஞ்ச நேரம் தென்னை மரத்தைப் பார்த்தாள். பிறகு, வேறு வழியில்லாமல், அவர் கையைப் பார்த்தாள். இருதயம் வெளியே வந்தது. கத்தி தானாக உயர்ந்தது.

"நிப்பாட்டுங்க நானா."

தாச்சியை நீட்ட மறந்து இரண்டு கையாலும் வாங்கிவிட்டாள். சூடாக, பாரமாக, வழுவழுவென்று இருந்தது. கண் இருட்டவில்லை. பெருநாடி எங்கே புறப்படுகிறது என்று தேடத் தொடங்கியவளுக்கு, தான் பயப்படவில்லை என்பது நினைவுக்கு வரவே கொஞ்ச நேரம் பிடித்தது.

லீவு முடியும் மட்டும் குளிர்சாதனப் பெட்டியில் அதற்கு அவளே காவல். பாடசாலை தொடங்கிய அன்று மேசையைச் சுற்றிப் பிள்ளைகள் நெருக்கியடித்து நின்றார்கள். நம்முடையது அவரவர் பொத்திய கையளவு, மாட்டுடையது பெரிது, அமைப்பு ஒன்றுதான் என்றாள். மேலே இரண்டு சோணையறை, கீழே இரண்டு இதயவறை. வலது சோணையறைக்குள் தண்ணீர் ஊற்றி, இன்ஷிராவிடம் கீழறையை அமத்தச் சொன்னாள். தண்ணீர் வந்த வழியே திரும்பவில்லை. சுவாசப்பைக்குப் போகும் குழாயால் பீச்சி இன்ஷிராவின் முகத்திலேயே அடித்தது. வகுப்பு சிரிப்பில் ஆடியது. இடையிலுள்ள வால்வு மூடிக்கொண்டதை விரலை விட்டுத் தடவிப் பார்த்தார்கள். கீழ்ப்பக்கத்தை வெட்டித் திறந்தபோது, வால்வின் இதழ்கள் மேலே புரண்டுவிடாமல் வெள்ளை நூல்போல இதய நாண்கள் பிடித்திருந்தன.

இடப்பக்கச் சுவர் ஏன் இவ்வளவு தடிப்பு என்று இன்ஷிரா கேட்டாள்.

"வலப்பக்கத்துக்குப் பக்கத்து வீட்டுக்குச் சோறு குடுத்துவிடுற வேலைதான், சுவாசப்பை கிட்டத்தானே கிடக்கு" என்றாள் சுஹைறா. "இடப்பக்கம் உச்சந்தலையில இரிந்து உள்ளங்கால் மட்டும் ஊருக்கே கந்தூரிச் சோறு போடணும்."

இந்த நேரத்தில்தான் ஷரிபுதீன் மகளின் பாடசாலை விடுகைப் பத்திரம் எடுக்க வந்து வாசலில் நின்றார். மகளின் கை முழங்கை மட்டும் நனைந்திருந்தது. போவமா மகள் என்று கேட்டார். இன்ஷிரா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நீங்க போங்க வாப்பா. நான் இன்னும் இடப்பக்க வால்வப் பாக்கல்ல."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, பிள்ளைகளின் தலைக்கு மேலால் எட்டிப் பார்த்தார். சுஹைறா அவருக்கும் இடம் விடச் சொன்னாள்.