பிந்தி வந்த மருத்துவச்சி

சாத்தான்குளத்துக்குக் கிழக்கே ஒரு பனங்காட்டு ஊரில் நான் உபதேசியாராக இருந்தபோது, சந்தேகப்படுவதுதான் என் வேலையில் பாதி. ஞானஸ்நானம் கேட்டு வருகிறவர்களை முதலில் நான் விசாரிக்க வேண்டும். அதன் பிறகுதான் குருவானவர் வில்வண்டியில் வருவார். கிறிஸ்மஸ் வேட்டிக்காக வந்தவன் யார், கோர்ட்டு வழக்குக்குத் துணை தேடி வந்தவன் யார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது.

ஊர் மருத்துவச்சி வந்து ஞானஸ்நானம் கேட்டபோது எனக்கு உடனே உறுத்தியது. அவள்மேல் புகார் இருந்தது. வலி கண்டதும் ஆள் அனுப்பினாலும் பிந்தித்தான் வருவாளாம். ஏன் என்று கேட்டால் வாய் கூசாமல் பொய் சொல்வாளாம். வேதத்தின் பத்துக் கட்டளைகளான பத்துக் கற்பனைகளில் ஆறுக்குமேல் அவளுக்கு வரவில்லை. வேதத்தில் யாரைப் பிடிக்கும் என்று கேட்டேன். வழக்கமாக எல்லாரும் சொல்கிற பெயர் எதுவும் வரவில்லை.

"எகிப்து தேசத்துல ரெண்டு மருத்துவச்சி இருந்தாவல்லா, அவியதான்."

ஆண்பிள்ளைகளைக் கொல்லச் சொன்ன ராஜாவிடம், நாங்கள் போவதற்குள் பிள்ளை பிறந்துவிடுகிறது என்று சொல்லித் தப்பியவர்கள். போன மாதம் ஜெபவீட்டில் அதை வாசித்தது நான்தான். மோசே பிறக்கிற அவசரத்தில் அந்த இருவரைத் தாண்டிப் போயிருந்தேன். இவளுக்கு அவர்கள் சொன்ன பொய்தான் பிடித்திருக்கிறது என்று முடிவுகட்டினேன். ஞானஸ்நானம் கிடையாது என்று சொல்வதற்கு முன்னால், சும்மா ஒரு கேள்வி கேட்டேன்.

"ஏம்மா, பிரசவத்துக்கு ஏன் பிந்திப் போற?"

வெளியே யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். என்னையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"மூணாவதும் பொட்டப்பிள்ளைன்னா சில வீட்ல எங் கையத்தான் பாப்பாவ, உபதேசியாரே. செத்துப் பொறந்துதுன்னு நாஞ் சொல்லணும். அதான், போற வழியில நாலு பொம்பளையளக் கூட்டிக்கிட்டுப் போவேன். அதுல ஒருத்தி கருப்பட்டித் தண்ணியத் தொட்டுப் பிள்ளை நாக்குல சேனை வச்சிட்டான்னா, உசிரோட பொறந்தது நாலு பேருக்குத் தெரிஞ்சிரும்; பெறவு யாரு என்ன செய்ய முடியும்? பிந்துனதுக்கு ஏதாவது சொல்லணும்லா. சொல்லுவேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் முழுசாக நம்பவில்லை. அவள் சொன்ன மாதிரியான இரண்டு வீடுகளுக்கு ஏதோ சாக்குச் சொல்லிப் போய்வந்தேன். மூன்றாவதாகப் பிறந்த பெண்பிள்ளைகள் முற்றத்தில் மண் அளைந்துகொண்டிருந்தார்கள். குருவானவரிடம் நல்லபடியாகச் சொன்னேன். அவளுக்கு ஞானஸ்நானம் கிடைத்தது. பாக்கி நான்கு கற்பனைகளை என் மனைவி சொல்லிக்கொடுத்தாள்.

மறுவருஷம் ஒரு காலையில் என் மனைவிக்கு வலி கண்டது. எங்களுக்கு ஏற்கெனவே இரண்டு பெண்கள். மருத்துவச்சிக்கு ஆள் அனுப்பிவிட்டு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். வெயில் ஏறியும் அவளைக் காணோம். கடைசியில் தெருமுனையில் தெரிந்தாள். பின்னால் ஆறு பெண்கள் வந்தார்கள், ஒருத்தி கையில் கருப்பட்டியோடு.

எனக்கு ஆத்திரமாக வந்தது. வாசலை மறித்து நின்று, "இது உபதேசியார் வீடும்மா" என்றேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "பைய வழி விடுங்க, உபதேசியாரே. மூணாவதுல்லா."