நீர்க்கல்லை உடைத்தவள்

வெங்கடலட்சுமிக்குக் கோபம் வந்து பார்த்தவர்கள் குறைவு. கோவை கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் பதினெட்டு வருடமாக வைண்டிங் வேலை பார்க்கிறார். போர்வெல் மோட்டாருக்குள் செப்புக் கம்பியைச் சுற்றி இறக்குகிற வேலை. விரலுக்குப் பொறுமை வேண்டும். தொண்டாமுத்தூரில் அவருடைய அப்பாவின் கிணறு, பக்கத்துத் தோட்டக்காரர் ஆயிரம் அடிக்கு போர் போட்ட அடுத்த கோடையிலேயே வற்றிவிட்டது. அப்போதுகூட அவர் யாரையும் ஏசவில்லை. பல வருடம் கழித்து, வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் உட்கார்ந்து செல்போனில் ஒரு மாயக்கதை எழுதினார்.

பெயர் ‘நீர்க்கல்’. அந்தக் கல் யார் கிணற்றில் கிடக்கிறதோ அவர் கிணறு வற்றாது. சுற்றியுள்ள கிணறெல்லாம் வறண்டுபோகும். அதற்காக ராஜாக்கள் வெட்டிக்கொண்டு சாகிறார்கள். கடைசியில் கிணறு வெட்டுகிறவரின் மகள் கையில் அது கிடைக்கிறது. அவள் சம்மட்டியால் அதைப் பொடிப்பொடியாக்கி ஆற்றில் விடுகிறாள். கம்பெனியில் பக்கத்து இருக்கையில் வைண்டிங் செய்யும் ராசாத்தாளுக்கு, சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு அத்தியாயத்தையும் வாசித்துக் காட்டினார். கல் உடைந்த அன்று ராசாத்தாள் சோற்றுக் கையோடு கைதட்டினார்.

உக்கடத்தில் பதிப்பகம் நடத்தும் திருமூர்த்தி அதைப் புத்தகமாகப் போட்டார். தான் எழுதியதைத் தானே எதற்குப் படிப்பது என்று வெங்கடலட்சுமி அதை பீரோவில் வைத்துவிட்டார். ராசாத்தாள்தான் படித்துவிட்டு வந்து கேட்டார்.

“ஏனுங்க லட்சுமி, கல்லை அவளே வச்சுக்கிட்டாளா? எங்கிட்ட ஒடைச்சுப்போட்டாள்னுதானே சொன்னீங்க?”

வெங்கடலட்சுமி வாங்கிப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண் நீர்க்கல்லைக் கிரீடத்தில் பதித்து அரசியாகியிருந்தாள்.

அன்றே அரைநாள் லீவு சொல்லிவிட்டு உக்கடம் போனார். திருமூர்த்தி டீ வரவழைத்தார்.

“ஒடைச்சுப்போட்டா ரெண்டாம் பாகத்துக்கு எங்கீங்க போறது? கல்லு இருந்தாத்தானுங்க அம்மணி கதை. படிக்கறவங்களுக்கும் அவ ஜெயிக்கோணுமில்லீங்களா?”

“கல்லை வச்சுக்கிட்டா அவ தோத்துட்டாங்க. ஊருக் கிணறு பூரா வத்திக் கெடக்குது, இவ அதைத் தலையில வச்சுக்கிட்டு நிக்கறா. இதையா நான் எழுதினேன்?”

“மாத்திக்கலாமுன்னு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்களே.”

மரியாதை துளியும் குறையாமல்தான் சொன்னார். அந்த மரியாதைதான் வெங்கடலட்சுமியை அதிகம் எரித்தது. டீயைத் தொடாமல் எழுந்து வந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புத்தகக் கண்காட்சியில்தான் நான் அவரைப் பார்த்தேன். திருமூர்த்தியின் அரங்குக்கு எதிரில், தான் எழுதிய முடிவின் ஜெராக்ஸ் தாள்களோடு நின்றிருந்தார். என் கையில் ‘நீர்க்கல்’ புத்தகத்தைப் பார்த்ததும் நெருங்கி வந்தார்.

“ஏனுங்க, அது நான் எழுதினதுங்க. கடைசிப் பக்கம் பொய்யுங்க. இதைப் படிங்க. மடிச்சு வச்சாத் தொலைஞ்சுபோகும், ஒட்டிப்போடுங்க.”

சிலர் கிறுக்கு என்று நினைத்து ஒதுங்கினார்கள். கல்லூரிப் பெண் ஒருத்தி, “கிரீடம்தானுங்க ஆண்ட்டி நல்லாருக்குது” என்றாள்.

“உங்க ஊட்டுக் கிணறு வத்தினாத் தெரியுங்கண்ணு.”

திருமூர்த்தி வெளியே வந்தார். “இப்படிப் பண்ணலாமுங்களா அம்மணி?”

“நீங்க பண்ணலாமுங்களா?”

செக்யூரிட்டி வந்து அவரை வெளியே போகச் சொன்னார். செக்யூரிட்டி கையிலும் ஒரு தாளைக் கொடுத்துவிட்டுத்தான் வெங்கடலட்சுமி போனார்.

பிறகு பதிப்பகத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பினார்: முடிவை மாற்றுங்கள், இல்லையென்றால் என் பெயரை எடுங்கள். அடுத்த பதிப்பில் பெயரை எடுத்துவிட்டார்கள். அவ்வளவு சுலபமாக. யாரையோ வைத்து இரண்டாம் பாகமும் எழுதி வாங்கினார்கள். அதில் அந்தப் பெண் கல்லைக் காப்பாற்ற ஏழு நாட்டு ஏரிகளை வற்ற வைக்கிறாள். அதை வீரம் என்று பின்னட்டையில் போட்டிருக்கிறார்கள். நன்றாக விற்கிறதாம்.

பிறகொரு நாள் பார்த்தபோது, பெயர் போனதில் வருத்தமா என்று கேட்டேன்.

“பேரு போனாப் போகுதுங்க. அந்தப் புள்ளையத் திருடியாக்கிப்போட்டாங்களே” என்றார் வெங்கடலட்சுமி.