பெயிண்ட் டின்னில் ஒரு வெற்றிலைக் கொடி

மலேசியாவின் கிள்ளானில் அந்த அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடிக்கு வெயில் நேராக வருவதில்லை. எதிர்க் கட்டடத்தின் வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் வரும். அதை நம்பித்தான் வீரம்மா செடி வளர்க்கிறார். நடைவழியில் தொட்டி வைக்கக் கூடாது என்று நிர்வாகம் அவருடைய செடிகளை அள்ளிக்கொண்டு போய்விட்டது. அடுத்த வீட்டுச் செருப்பு அலமாரிகள் மட்டும் இன்றைக்கும் அங்கேயே நிற்கின்றன. அதன் பிறகு வரவேற்பறை ஜன்னலோரம்தான் அவருடைய தோட்டம்.

அங்கே காசு கொடுத்து வாங்கியது எதுவும் இல்லை. அடியில் ஆணியால் ஓட்டை போட்ட பழைய பெயிண்ட் டின்கள், வெளிச்சத்தைத் திருப்பிவிடப் பின்னால் சாய்த்த பிஸ்கட் டின் மூடிகள், ஊற்ற அரிசி கழுவிய தண்ணீர். புதினா, சமையலுக்கு வாங்கிய இலைக்கட்டில் மிஞ்சிய காம்பு. வெற்றிலைக் கொடி போர்ட் கிள்ளான் கிடங்கில் கூட வேலை செய்யும் சாந்தமேரி தந்தது. தன் ஊரான காப்பாரிலிருந்து ஈரத்துணியில் சுற்றி, மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தார்.

வீரம்மாவுக்குப் பிடித்தது அந்தக் கொடிதான். மாதந்தோறும் அவரைக் குற்றவாளியாக்கியதும் அதுதான்.

மாதவிலக்கு நாட்களில் பெண் தொட்டால் வெற்றிலைக் கொடி பட்டுப்போகும் என்பது அந்த வீட்டில் யாரும் கேள்வி கேட்காத சட்டம். வீரம்மாவும் கேட்டதில்லை. அந்த நாட்களில் ஒதுங்கிக்கொள்வார். தண்ணீர் ஊற்றுவது லோரி ஓட்டும் கணவர் கன்னையாவின் பொறுப்பு. அப்படியும் ஒவ்வொரு மாதமும் அதே நாட்களில் கொடி தலையைத் தொங்கப்போட்டது. பிறகு வீரம்மா பாடுபட்டுத் தேற்றுவார்.

இரண்டு கதவு தள்ளிக் குடியிருக்கும் நாத்தனார் நல்லம்மாள் தீர்ப்போடு வருவார். தொடவில்லை என்று சொன்னால், நிழல் பட்டிருக்கும் என்பார். நிழலும் படவில்லை என்றால், மூச்சுக்காற்று. குற்றவாளி யார் என்று முதலிலேயே முடிவான வழக்கில் சாட்சிக்கா பஞ்சம்? அதே நாட்களில் அதே கை சமைத்த சோற்றை எல்லோரும் சாப்பிட்டார்கள். அதே கை கிடங்கில் கட்டிய பெட்டிகள் கப்பலேறின. சோற்றுக்கும் கப்பலுக்கும் ஒட்டாத தீட்டு வெற்றிலைக்கு மட்டும் ஒட்டியதாம்.

வாடிய வெற்றிலை குடும்பத்துக்கு ஆகாது என்று அக்கா ஓதியதில் கன்னையாவும் பயந்துபோனார்.

"இன்னொரு தடவ வாடட்டும், நானே கீழ கொண்டுபோயி வீசிடுறேன்" என்றார்.

மறுநாள் கிடங்கில் இடைவேளையின்போது, உங்கள் வீட்டில் அந்த நாட்களில் கொடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று சாந்தமேரியிடம் வீரம்மா விசாரித்தார்.

சாந்தமேரி சிரித்தார். "எங்க கொடிக்கு யாருக்கா ஊத்துறா? மழை பெய்யுதுலா."

வீரம்மா யோசித்தார். ஒன்பதாவது மாடி வரவேற்பறையில் மழை ஏது? தலைக்கு மேலே ஓயாமல் சுற்றி மண்ணைக் காயவைக்கும் காற்றாடிதான் இருக்கிறது. இன்னொன்றும் உறைத்தது. புதினாவுக்குச் சட்டம் கிடையாது. எல்லா நாளும் அவர்தான் தண்ணீர் ஊற்றுகிறார். அது ஒரு முறைகூட வாடியதில்லை.

கொடியிலிருந்து ஒரு துண்டை வெட்டி இன்னொரு டின்னில் நட்டார். அது வேர்விட்டுத் துளிர்த்ததும், அடுத்த மாதவிலக்கின் முதல் நாள், நாத்தனாரை அழைத்து நேராகவே சொல்லிவிட்டார். இடது டின்னைத் தினமும் தொட்டுத் தண்ணீர் ஊற்றப்போகிறேன். வலது டின் உங்கள் சட்டப்படி உங்கள் தம்பிக்கு. நல்லம்மாளுக்குத் தன் வெற்றியில் சந்தேகமே இல்லை. பாவம் வேண்டாம் என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, உற்சாகமாகவே சம்மதித்தார்.

நான்காம் நாள் காலை இரண்டு டின்களுக்கும் முன்னால் மூவரும் நின்றார்கள். தொட்ட கொடி புதுக் குருத்தோடு நிமிர்ந்திருந்தது. தொடாத கொடி துவண்டு கிடந்தது. நல்லம்மாள் வலது டின் மண்ணில் விரலை வைத்துப் பார்த்தார். பொடியாக உதிர்ந்தது.

"ஏன்டா, நீ தண்ணி ஊத்தலையா?"

"போர்ட்டுல லோட் லேட்டுக்கா. மறந்துட்டேன்."

"அப்போ இத்தன மாசமும்?" என்றார் வீரம்மா.

கன்னையா கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார். காலங்காலமாகப் பெண்ணின் உடம்பில் தேடிய குற்றம் ஓர் ஆணின் மறதியில் இருந்தது. வீரம்மா அரிசி கழுவிய தண்ணீரை எடுத்து, அந்த நாளில், அந்தக் கையாலேயே, அவர்கள் இருவர் முன்னிலையில் வாடிய கொடிக்கும் ஊற்றினார். யாரும் தடுக்கவில்லை.

மாலைக்குள் இலைகள் நிமிரத் தொடங்கின. நல்லம்மாள் மறுபடி வந்து கொடியின் அருகே உட்கார்ந்தார். யாரும் கேட்காமலே சொன்னார்.

"கல்யாணமான புதுசுல நானும் ஒண்ணு வெச்சிருந்தேன், வீரம்மா. டின்லதான். வீட்டுக்குள்ள. காய்ஞ்சிடுச்சு. எங்க மாமியா சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுனா."

வீரம்மா கத்தியை எடுத்து, நிமிர்ந்து நின்ற கொடியில் மூன்று கணு உள்ள துண்டாகப் பார்த்து வெட்டினார். ஈரத்துணியில் சுற்றி நாத்தனார் மடியில் வைத்தார். இரவெல்லாம் தண்ணீரில் நிற்கட்டும், காலையில் நடலாம் என்றார்.

நல்லம்மாள் அதைக் கீழே விடாமல் பிடித்துக்கொண்டு, தன் வீட்டில் எந்த ஜன்னலுக்கு வெளிச்சம் அதிகம் என்று யோசிக்க ஆரம்பித்தார். காலி டின் ஒன்றைக் கொண்டுவந்து அதன் அடியில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார் கன்னையா.