நான் சொல்லவேண்டிய சேதி

எழுபதுகளின் கடைசியில், ஈப்போவில் வளர்ந்த நான் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். ஒரே வீட்டில் எங்களோடு இருந்த வீட்டுக்காரரின் அண்ணன் லோரி ஓட்டிக்கொண்டு பாதி நாள் வெளியூரில் இருப்பார். அவர் மனைவியை நான் அக்கா என்பேன், என் வீட்டுக்காரர் அண்ணி என்பார். என்பார் என்ன, கூப்பிட்டால்தானே! அவர்களுக்குள் பேச்சே கிடையாது. சோற்றில் இவர் கை நின்றால் ரசம் வரும். வாசலில் செருமினால் தேத்தண்ணி வரும். பல வருஷம் அடுத்தடுத்த நிரையில் பாலுக்கு மரம் வெட்டிய பழக்கமாம்.

தப்பாக ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். "என்னா வேணும்?" என்று நான் வாய் வலிக்கக் கேட்டால், "ஒன்னும் வேணாம்லா" என்பார். அடுத்த நிமிஷம் அக்கா ஊறுகாயோடு வந்து நிற்பாள். எனக்கு வயிறு எரியும். தாலி இங்கே, ஜாடை அங்கே.

நான் முழுகாமல் இருப்பது தெரிந்ததும் முதலில் நினைத்தது இதைத்தான்: இந்த ஒன்று அவளுக்குத் தெரியாது. சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை ஈப்போவுக்குப் படம் பார்க்கப் போவோம். பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் வாயால் சொல்ல வேண்டும். கல்யாணமாகி வந்த பிறகு நானும் மரம் வெட்டப் பழகியிருந்தேன். குமட்டினால் மரத்துக்குப் பின்னால் போய்த் துப்பிவிட்டு வருவேன்.

அந்த வாரமே ஒரு நாள், ரப்பர் பால் வாளிகள் இரண்டையும் காண்டாக் கம்பின் இரு முனையிலும் மாட்டி, தோள் கொடுக்கக் குனிந்தேன். அக்கா வந்தாள். என் கையை விலக்கி, கம்பைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டு பால் நிறுக்கும் ஸ்டோருக்கு நடந்தாள். எங்கள் தோட்டத்தில் ஒருத்தி பாலை இன்னொருத்தி தூக்கமாட்டாள், பிள்ளைத்தாய்ச்சிக்குத் தவிர.

பக்கத்து நிரையிலிருந்து வீட்டுக்காரர் கம்பைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். அவள் லேசாகத் தலையாட்டினாள். இவருக்கு முகமெல்லாம் பல். என்னைப் பார்த்தது அதற்கப்புறம்தான்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் விட்டுக்கொடுத்தார். நான் கேட்காமலே புளிப்பு மாங்காய் வாங்கி மடியில் வைத்தார். இருந்தாலும் விடுவேனா? அத்தனை நாள் பொத்தி வைத்ததாயிற்றே.

"நான் முழுகாம இருக்கேன்" என்றேன்.

"அதான் தெரியும்லா" என்றார்.

மாங்காயை எடுத்து ஜன்னல் வழியே எறிந்தேன்.