குதித்துக் குதித்து ஊருக்குப் போனவர்கள்

ஊதுபத்தி வாசனைக்குக் கடவுள் ஞாபகம்தான் வர வேண்டும். எனக்குப் பிணங்கள் ஞாபகம் வருகின்றன. அதுவும் துள்ளிக் குதிக்கும் சீனப் பிணங்கள்!

போன வாரம், பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில், ஒரு மளிகைக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கல்லாவில் யாரோ ஊதுபத்தி கொளுத்தினார்கள். அவ்வளவுதான்... நான் எண்பதுகளின் கடைசிக்குப் போய்விட்டேன்.

அப்போது என் எதிர் அறையில் யாழ்ப்பாணத்து நண்பர்கள் சிலர் இருந்தார்கள். நான் பாண்டிச்சேரிக்காரன், பிரெஞ்சு தெரிந்தவன் – அதனால் அவர்களுக்கு வேண்டியவன். ஒருநாள் அவர்களில் ஒருவனான சிவத்துக்குப் போன் வந்தது. ஊரில் அப்பா காலமாகிவிட்டார். சிவம் மூத்த மகன். கொள்ளி வைக்க வேண்டியவன். எப்படிப் போவது? அங்கே சண்டை. இங்கே அகதி வழக்கு முடியவில்லை. போனால் திரும்ப முடியாது. சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான்.

சிவம் அழவில்லை. பேசவில்லை. சாப்பிடவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். செத்த வீட்டு வழக்கப்படி அறையில் அடுப்பு மூட்டவில்லை. நண்பர்கள் சோற்றுப் பார்சலோடு வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். பார்சல்கள் ஆறிப்போயின. ஜன்னலுக்கு வெளியே ரயில்கள் போய்க்கொண்டே இருந்தன, யார் யாரையோ அவரவர் ஊரில் சேர்க்க.

ஞாயிற்றுக்கிழமை மதியம், அறையில் மூத்தவரான ராசன் அண்ணை எங்கிருந்தோ ஒரு வீடியோ டெக்கைத் தூக்கி வந்தார். கக்கத்தில் கேசட்.

"செத்த வீட்டிலை படமோ அண்ணை?"

"சாமிப் படமடா! அட்டையைப் பார். பூசாரி, ஊதுபத்தி, மணி... மனசுக்கு ஆறுதலா இருக்கும்."

அட்டையில் மஞ்சள் அங்கி போட்ட, சீனத் தாவோ மதப் பூசாரி. கையில் மரவாள், முன்னால் பூசை மேசை. யார்தான் சந்தேகப்படுவார்கள்? மரியாதைக்கு ராசன் அண்ணை டிவி மேல் ஓர் ஊதுபத்தி வேறு ஏற்றிவைத்தார்.

படம் ஓடியது. சீனர்கள் பிரெஞ்சு பேசினார்கள். பூசாரி மணியடித்தார். இருட்டிலிருந்து வரிசையாகப் பிணங்கள் – நெற்றியில் மஞ்சள் தாள் தொங்க, கைகளை நீட்டியபடி... தொம், தொம் என்று குதித்து வந்தன! ஹாங்காங்கில் அந்நாளில் வரிசைகட்டி வந்த பேய்ச் சிரிப்புப் படங்களில் ஒன்று.

"ஐயோ, நிப்பாட்டுங்கோ!"

எல்லோரும் திட்ட, ராசன் அண்ணை பதறிப்போய் ஏதோ பொத்தானை அழுத்தினார். வேகமாக ஓட்டும் பொத்தான். பிணங்கள் இன்னும் உற்சாகமாகக் குதித்தன. அடுத்த பொத்தானில் படம் அப்படியே நின்றது, ஒரு பிணம் அந்தரத்தில்.

"இதுகள் எங்கை போகுதுகள்?"

கேட்டது சிவம். எல்லோரும் திரும்பினோம்.

என்னைத்தான் பார்த்தான். சொல்லலாமா? சொன்னேன். "வெளியூர்ல செத்துப்போனவங்க. அவங்கவங்க மண்ணுல புதைக்கிறதுக்காகப் பூசாரி கூட்டிக்கிட்டுப் போறாரு."

"செத்தாப் பிறகெண்டாலும் கூட்டிக்கொண்டு போக ஓராள் இருக்கு..." என்றான் சிவம். பிறகு திரையைப் பார்த்து, "எல்லையிலை மறிக்க மாட்டினமோ?"

"பின்னை நெத்தியிலை ஒட்டியிருக்கிறது என்னெண்டு நினைக்கிறாய்? விசா!" என்றார் ராசன் அண்ணை, திட்டு வாங்கிய கோபத்தில்.

சிவம் சிரித்தான். தோள் குலுங்கச் சிரித்தான். தோள் நிற்கவேயில்லை... அது எந்த இடத்தில் அழுகையானது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. பிறகு, ஆறிய சோற்றைப் பிசைந்து சாப்பிட்டான்.

ஆறுதல் எந்த வேஷத்தில் வரும் என்று யார் கண்டது? நாம் பொறுக்கியெடுத்துச் சொல்லும் நல்ல வார்த்தைகளெல்லாம் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. சம்பந்தமே இல்லாத ஒன்று உள்ளே குதித்து வந்துவிடுகிறது.

சாயங்காலம் ராசன் அண்ணை கேசட்டைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு, கடையில் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினார். கூடவே நானும் எழுந்தேன். சிவம் கதவு வரை வந்தான்.

"அண்ணை, கசற்றை இண்டைக்குக் குடுக்காதையுங்கோ. அதுகள் ஊர் போய்ச் சேர்ந்ததுகளோ எண்டு இன்னும் பாக்கேல்லை."