மூக்கக்காவின் மூக்கு

பழைய பிளாஸ்டிக் கிடங்கில் எல்லோருக்கும் அவள் மூக்கக்கா. பிளாஸ்டிக் துண்டைக் கொளுத்தி ஒரு தடவை முகர்ந்தால் போதும், எந்த வகை என்று சொல்லிவிடுவாள். பால் கேன் எரிந்தால் அணைந்த மெழுகுவர்த்தி வாசம். தண்ணீர் பாட்டில், அதாவது பெட், லேசாகத் தித்திக்கும். பிவிசியோ மூக்கைப் பிய்த்துக்கொண்டு போகும். கேன் துண்டு தண்ணீரில் மிதக்கும், பிரிப்பது சுலபம். பெட்டும் பிவிசியும் மூழ்கும், பார்க்கவும் ஒரே மாதிரிப் பளபளக்கும். அந்த வேலைக்குத்தான் அவளை வைத்திருந்தார்கள்.

அந்த மூக்கு மூன்று வாரமாகச் செத்துக் கிடந்தது. காய்ச்சல் போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வீட்டில் நான்கு வயிறுகள். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. பாட்டிலை மடித்துப் பார்த்தே சமாளித்தாள்: மடித்த இடம் வெளுத்தால் பிவிசி. பேருக்கு லைட்டரைக் கொளுத்தி, முகர்ந்து, தலையாட்டினாள்.

இன்று வந்த லோடு நசுக்கிக் கட்டியது. எல்லாப் பாட்டிலிலும் மடிப்பு. நசுங்கினால் பெட்டும் வெளுக்கும்; எல்லா மடிப்பும் வெள்ளை.

"என்னக்கா, மூக்குக்கு இன்னைக்கு லீவா?" என்றாள் பக்கத்துப் பலகையில் பாட்டில் பிரிப்பவள்.

"முதல்ல உன் வாய்க்கு லீவு குடுடி."

ஒரு துண்டை எரித்தபோது கண் கரித்தது. புகைதானே என்று புறங்கையால் துடைத்துவிட்டு மூட்டையைத் தள்ளினாள். அது அரைபட்டுச் செதிலாகி, உருக்கும் மெஷினுக்குப் போயிற்று.

அப்புறம்தான் உறைத்தது. பெட் புகை இப்படிக் கரிக்காது.

பெட் உருகுகிற சூட்டில் பிவிசி கருகி, அமில ஆவியைக் கக்கும். மெஷின்மேல் குனிந்து நிற்பவன் தங்கையின் புருஷன். சொன்னால் வேலை போய்விடும். அதை நினைத்துக்கொண்டேதான் ஓடினாள்.

"தம்பி, கொட்டாத! நிறுத்து!"

"பாதி கொட்டியாச்சேக்கா..." மிச்சத்தை இருமல் விழுங்கியது. இருமிக்கொண்டே பொத்தானை அடித்தான்.

சத்தம் நின்றதும் முதலாளி வந்துவிட்டார். "யாரு நிறுத்தச் சொன்னது? உள்ள இறுகிப் போச்சுன்னா யாரு சுரண்டுறது?"

"நான்தான் மொதலாளி. அந்த மூட்டையில பிவிசி கலந்திருக்கு."

"நீதானே பாத்து அனுப்பின?"

"எனக்கு வாசமே தெரியல. மூணு வாரமா."

பலகைகளில் கைகள் நின்றன. மூன்று வாரத்துச் சரக்கு எங்கெங்கே போயிருக்கிறது என்று முதலாளி மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"நாளையிலேருந்து வர வேணாம்."

"தொட்டியில நிக்கிறேன். கழுவுறதுக்கு மூக்கு எதுக்கு?"

"அதுக்கு ஆள் இருக்கு."

"அப்போ கூட்டுறேன்."

"அதுக்கும் இருக்கு."

தங்கையின் புருஷன் இருமல் நிற்காமல் வாயைப் பொத்திக்கொண்டு வாசல் பக்கம் போனான். அவளுக்காக ஒரு வார்த்தை பேச அவன் தொண்டையில் இடமில்லை. முதலாளியும் திரும்பி நடந்தார்.

"மூட்டையாவது தூக்குறேன், மொதலாளி," என்று அவள் பின்னாலேயே ஓடினாள். காய்ச்சலில் இளைத்த உடம்பு. எதைத் தூக்கும் என்று கேட்கக்கூட அவர் நிற்கவில்லை.