டாக்டர் ரூபி அன்னபாக்கியமும் தீட்டு மாத்திரையும்

நான் வேலை பார்க்கும் மெடிக்கல் ஷாப்பில் ஒருவருக்கு இருமல் மருந்து எடுத்துக்கொண்டிருந்தபோது பாளையங்கோட்டையிலிருந்து போன் வந்தது. பேசியது டாக்டரம்மாவின் தம்பி மகள். “அத்தை விடியக்காலம் இறந்துட்டாங்க. முதல்ல உங்களுக்குச் சொல்லணும்னு எழுதி வச்சிருந்தாங்க” என்றாள். நான் “சரிம்மா” என்று சொல்லி வைத்துவிட்டு, இருமல்காரரை அனுப்பிவிட்டுத்தான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். டாக்டரம்மா இருந்திருந்தால், “மருந்து வாங்க வந்தவன நிக்கவச்சிட்டு உனக்கு என்னட்டி துக்கம்?” என்று ஏசியிருப்பார்.

பதினாறாம் நாள் இங்கே சங்கரன்கோவிலில் ஒரு கூட்டம் போட்டார்கள். மேடையில் ஏறிய அத்தனை பேரும் அவரை அன்பே உருவானவர், அதிர்ந்து பேசாதவர், தாயுள்ளம் கொண்டவர் என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவரிடம் வைத்தியம் பார்த்த நீங்களே மனதைத் தொட்டுச் சொல்லுங்கள், ஏச்சு வாங்காமல் எவராவது அந்த அறையைவிட்டு வெளியே வந்திருக்கிறீர்களா? பிரசவ வலியில் கத்தினவளைப் பார்த்து, “பிள்ளை வாய் வழியாவா வருது? வாய மூடு” என்றவர் அவர். அவர் ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருடம் கம்பவுண்டராக இருந்தவள் நான். அவரை இனிப்பாக்கிப் புதைக்க எனக்கு இஷ்டமில்லை.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு உடம்பு திடீரென்று தீயாய் எரியும், வியர்த்துக் கொட்டும், தூக்கம் போய்விடும். அதற்கென்று அப்போது புதிதாக ஹார்மோன் மாத்திரை வந்திருந்தது. டாக்டரம்மா எழுபதுகளின் தொடக்கத்திலேயே அதை எழுத ஆரம்பித்துவிட்டார். பெண்கள் அதைச் ‘சூடு மாத்திரை’ என்பார்கள். புளியங்குடி, கரிவலம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்தெல்லாம் வந்து வாங்கிப் போனார்கள். இரண்டு மூன்று வருடம் கழித்து ஒரு நாள் அவருக்குத் தபாலில் வந்த மருத்துவப் பத்திரிகையைப் படித்தவர், அப்படியே எழுந்து வந்து என் மேஜைமேல் அதைப் போட்டார். கர்ப்பப்பை உள்ளவளுக்குச் சூடு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் உள்ளே சவ்வு தடித்துக்கொண்டே போகும், கடைசியில் அது புற்றாக மாறலாம் என்று எழுதியிருந்ததாம். “ஏட்டி பேச்சி, நான் யார் யாருக்கு இதைக் குடுத்தேனோ ஒருத்தி விடாம வரச்சொல்லு. கொலைகாரியாகதுக்கு முந்தி ஓடு” என்றார். மூன்று நாள் பஸ்ஸில் அலைந்து எல்லோர் வீட்டுக்கும் சொல்லிவிட்டு வந்தேன்.

மாதத்தில் பத்து நாள் இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் தடித்த சவ்வு கழிந்து போய்விடும். புரோஜெஸ்டிரோன் என்று பெயர். அதில் மூன்று வகை கிடைத்தது, எதைக் கொடுப்பது என்பதுதான் கேள்வி. ஒன்று, எண்ணெயில் கரைத்த ஊசி. நம் உடம்பே சுரக்கிற சரக்கு அதில் அப்படியே இருந்தது. மற்ற இரண்டும் அதைப் போலச் செய்த மாத்திரைகள். அவருக்கும் அப்போது ஐம்பத்திரண்டு வயது, அவர் உடம்பும் எரிந்துகொண்டுதான் இருந்தது. “ஊராள் உடம்புல எதுக்குப் பரீட்சை?” என்று, ஒவ்வொன்றையும் மூன்று மூன்று மாதம் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தார். ஊசியை நான்தான் போட்டேன். அந்த எண்ணெய் லேசில் இறங்காது; போட்ட இடம் கட்டி கட்டியாக வீங்கி, மனுஷி நாற்காலியில் ஒரு பக்கமாகவே உட்கார்ந்து நோயாளி பார்த்தார். முதல் மாத்திரையில் முகமெல்லாம் பரு, மார்பில் வலி, வயிற்று உப்புசம். இரண்டாவதில் கொஞ்சம் மந்தமும், எரிந்து விழுகிற கோபமும். “எரிச்சல் கூடியிருக்காட்டி எனக்கு?” என்று கேட்டார். “எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?” என்றேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

ஒன்பது மாதம் கழித்து முடிவு சொன்னார். “ஊசிதான் உடம்புக்குச் சொந்தம். ஆனா கரிவலத்துக்காரி தினசரி பஸ் ஏறி வந்து குத்திக்கிட்டுப் போவாளா? அந்தச் சரக்கையே சும்மா முழுங்கினா ஈரலே அதைத் தின்னுரும். வெளிநாட்டுல அதை மாவா அரைச்சுக் குளிகையாக்கப் பாக்குதாங்களாம். அது நம்மூருக்கு வரும்போது நான் இருக்கமாட்டேன். மூணுமே கழுதைதான் பேச்சி. கம்மியா உதைக்கிற கழுதையப் பிடிச்சிருக்கேன்.” அப்படி வந்து சேர்ந்ததுதான் அந்த இரண்டாவது மாத்திரை.

அதைப் போட்டு நிறுத்தினால் மாதா மாதம் ரத்தம் வரும். வரத்தான் வேண்டும், சவ்வு கழிகிறதற்கு அதுதான் அடையாளம். ஆனால் நின்றுபோனது திரும்பி வந்ததும் பெண்கள் அரண்டு போனார்கள். ஒரே மாதத்தில் அதற்குத் ‘தீட்டு மாத்திரை’ என்று பேர் வைத்துவிட்டார்கள். கடையநல்லூரிலிருந்து வந்த ஓர் அம்மா, “நோன்பு மாசத்துல இது வந்தா நான் தொழுகையில்லாம இருக்கணும்லா?” என்று என்னிடம் கேட்டார். டாக்டரம்மாவிடம் கேளுங்கள் என்றேன். “அவுகள்ட்டயா? வேற ஆளப் பாரும்மா” என்று போய்விட்டார்.

என் கோமதி அக்காவும் இந்த மாத்திரைகள் சாப்பிட்டாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். சேலை நெய்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். தறியில் உட்கார்ந்தால் உடம்பு எரிந்து பாதியில் எழுந்து ஓடுவாள். நான்தான் அவளை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். சூடு அடங்கி, அக்கா ராத்திரி தூங்கினாள். ஆடி மாதம் வந்தது. அம்மன் கோயிலில் தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியதும் நம் ஊரில் ஆடிச்சுற்றுச் சுற்றுவோம் இல்லையா, திருவிழா முடிவதற்குள் நூற்றெட்டுச் சுற்று. அக்கா முப்பது வருடமாக வேண்டி, ஒரு வருடம்கூட முடித்ததில்லை. ஒவ்வொரு தடவையும் நடுவில் விலக்காகிவிடும். “இப்பதாம்டி அம்மை வாசலுக்குப் பயமில்லாம போறேன். இந்த மாத்திரை அதையும் கெடுக்குதே” என்று என்னைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு மனசு கேட்கவில்லை. “ஒரு மாசம்தானே, ரெண்டாவதை விட்டுரு. சூடு மாத்திரைய மட்டும் போடு. டாக்டரம்மாகிட்ட மூச்சு விடாதே” என்றேன்.

அந்த வருடம் அக்கா நூற்றெட்டையும் முடித்தாள். கால் வீங்கிப்போய், முகமெல்லாம் சிரிப்பாக வந்து என் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே கிடையாது. அந்த ஒரு மாதத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆவணியில் கேட்டேன், “போடுதியா?” “போடுதேன்” என்றாள். அவள் பொய் சொன்னால் மூக்கைத் தடவுவாள். அன்றைக்கும் தடவினாள். பார்த்துவிட்டு, அடுத்த மாதத்துக்குரிய பத்து மாத்திரையைப் பொட்டலம் மடித்துக் கையில் கொடுத்தேன். இப்படி நாலு வருடம் மடித்தேன். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை டாக்டரம்மா, “மாசா மாசம் வருதா?” என்று கேட்பார். அக்கா “ஒழுங்கா வருதும்மா” என்பாள். பக்கத்தில் நான் நின்றுகொண்டிருப்பேன்.

எந்த ரத்தத்துக்குப் பயந்து மாத்திரையை விட்டாளோ அந்த ரத்தம் கடைசியில் தானாகவே வந்தது. அதையும் மறைத்தாள். ஒரு வருடம் துணி வைத்துக்கொண்டே கோயிலுக்குப் போயிருக்கிறாள், யாருக்கும் தெரியக் கூடாதென்று. ஒரு நாள் தறிக்குழியிலேயே மயங்கி விழுந்து, சேலையெல்லாம் நனைந்து, வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். டாக்டரம்மா உள்ளே கொண்டுபோய்ச் சுரண்டி எடுத்துத் திருநெல்வேலிக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார். பதில் வந்ததும் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“புத்து. வெளியேயும் பரவிட்டு. ரெண்டாவது மாத்திரை போட்டவளுக்கு இப்படி வராது. உங்க அக்கா போட்டாளா?”

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“கோயிலுக்குன்னு சொல்லியிருந்தா தேதிய மாத்திக் குடுத்திருப்பேனேட்டி! பத்து நாள் முன்னே போட்டு முடிச்சா தபசுக்கு முந்தியே வந்து நின்னிருக்கும். ரெண்டு வாரம் தள்ளிப் போட்டாலும் சரிதான். இதுக்கு ஒரு உசுரா?”

அவ்வளவுதானா? தேதியை மாற்றினால் போதுமா? பதினெட்டு வருடத்தில் அந்த ஒரே ஒரு தடவை அவரை எதிர்த்துப் பேசினேன். “உங்ககிட்ட யாரும்மா கேப்பா? வாயத் திறந்தா நாய விரட்டுத மாதிரி விரட்டுதியளே. ஏன் ரத்தம் வரணும்னு ஒருத்திக்காவது ஒரு நாளாவது சொல்லியிருக்கியளா?”

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். நான் அழ ஆரம்பித்தேன். “அழாதே. அழுதா உனக்கு லேசாயிரும். உனக்கு லேசாகக் கூடாது” என்றார். என் ஆயுளில் ஒரு மனுஷவாயிலிருந்து நான் கேட்ட ஆகக் கொடுமையான பேச்சு அது. பேசி முடித்துவிட்டு அடுத்த நோயாளியை உள்ளே கூப்பிட்டார்.

மதுரைக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தோம், கதிர்வீச்சுக் கரண்டும் வைத்தோம். எட்டு மாதம் அக்கா கிடந்தாள். கடைசி வரைக்கும் அவளிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. அம்மை சோதிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே செத்தாள். அவள் காரியம் முடிந்து வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்தபோது அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டப்பா அகப்பட்டது. திறந்தால் உள்ளே அத்தனையும் நான் மடித்த பொட்டலங்கள். நாற்பத்தாறு. ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. டாக்டரம்மா கொடுத்ததைத் தூரப்போட மனசு வராமல் சேர்த்து வைத்திருக்கிறாள், பைத்தியக்காரி.

டப்பாவைக் கொண்டுபோய் டாக்டரம்மாமுன் வைத்தேன். வேலையைவிட்டு நிற்கிறேன் என்றேன். “நிக்க விடமாட்டேன். இது இங்கனயே இருக்கும், நீயும் இங்கனயே இருப்பே” என்றார். அதற்குப் பிறகு அவர் ஓய்வுபெற்றுப் பாளையங்கோட்டைக்குப் போகும்வரை மூன்று வருடம் அந்த டப்பா அவர் மேஜையில், என் கண்ணுக்கு நேரே இருந்தது. தினமும் காலையில் அதைத் துடைக்கிற வேலையும் எனக்குத்தான். மாத்திரை வாங்க வருகிற ஒவ்வொருத்தியிடமும் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி இரண்டு கேள்வி கேட்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். ரெண்டாவது மாத்திரை போடுதியா? ரத்தம் எப்ப வந்துச்சு? பெண்கள் கூசிப் போவார்கள். நானும் கூசினேன். அவர் விடவில்லை.

அவரிடம் ஒரே ஒரு மாற்றம் வந்தது. சீட்டு எழுதுமுன், “ஒனக்குத் திருவிழா எப்ப? நோன்பு எப்ப?” என்று கேட்டு, காலண்டரைப் பார்த்துத் தேதி குறித்துக் கொடுக்க ஆரம்பித்தார். ஏன் ரத்தம் வர வேண்டும் என்று படம் வரைந்து சொன்னார். அதையும் ஏசிக்கொண்டேதான் சொன்னார். கடையநல்லூர் அம்மா திரும்பி வந்தார். என்னிடம் மட்டும் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “நீ கேட்டது சரிதான் பேச்சி” என்று சொல்ல மாட்டாரா என்று அந்த மூன்று வருடமும் காத்துக் கிடந்தேன். போகிற அன்று டப்பாவையும் தூக்கிக்கொண்டு காரில் ஏறிவிட்டார்.

கூட்டம் முடிந்ததும் அவர் தம்பி மகள் என்னைத் தேடி வந்து பிஸ்கட் டப்பாவைக் கையில் கொடுத்தாள். கனம் குறைந்திருந்தது. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எண்ணினேன். இருபத்து மூன்று பொட்டலம்தான் இருந்தது. மேலே ஒரு மருந்துச் சீட்டில் அவர் கோழிக்கிறுக்கல்: “பேச்சிக்கு. பாதி என்னுடையது. அதை நான் எடுத்துக்கொண்டேன்.” அந்தப் பெண் சொன்னாள், “மீதியை அத்தை ஒரு துணியில முடிஞ்சு வச்சிருந்தாங்க. தன்னோட பெட்டிக்குள்ள வைக்கணும்னு எழுதியிருந்தாங்க. வச்சுட்டோம். அது என்ன மாத்திரைக்கா?”

எனக்கு வந்தது ஆத்திரம்தான். பாவி மனுஷி! மூன்று வருடம் முகத்துக்கு நேரே உட்கார்ந்திருந்தாரே, அப்போது சொன்னால் என்ன? பாதியை இறக்கி வைத்திருந்தால் நான் ஒரு ராத்திரியாவது தூங்கியிருப்பேனே! அவர் தன் பங்கை மண்ணுக்குள் கொண்டுபோன பிறகு எனக்குக் கணக்குச் சொல்கிறார்.

அந்தப் பெண்ணுக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. அவளுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். என் பங்கு இருபத்து மூன்று பொட்டலமும் இப்போது மெடிக்கல் ஷாப்பில் மருந்து நிறுக்கிற தராசுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. காலையில் வந்ததும் டப்பாவைத் துடைக்கிறேன். நேற்று ஒருத்தி சீட்டை நீட்டி, “சூடு மாத்திரை மட்டும் போதும்க்கா, மத்தது வேண்டாம்” என்றாள். கடையில் ஆண்கள் நாலு பேர் நின்றார்கள். நான் சத்தமாகவே கேட்டேன்: “ஏட்டி, கர்ப்பப்பை இருக்குல்லா? ரத்தம் எப்ப வந்துச்சு?”